ஒரு துண்டில் நாலு வகை: ஹாஸ்கெலின் பலவகைப் பட்டியல்

பெரும்போக அறுவடை நேரத்தில் சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் வாசலில் நெல் இறக்கினால் ஒரு துண்டு எழுதித் தருவார்கள். எந்த மாவட்டத்து நெல், எத்தனை மூட்டை, ஈரப்பதம் எவ்வளவு, காசு கொடுத்தாயிற்றா என்ற நாலு விடயங்கள் அதில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

மட்டு, 42, 13.5, இல்லை

எழுதுகிறவருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. இதே வரிசையை ஹாஸ்கெல் என்ற செய்நிரல் மொழியில் ஒரு லிஸ்டாக எழுதிக் கொடுத்தால் கம்பைலர், அதாவது செய்நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள், ஏற்காது. முதலாவது எழுத்து, இரண்டாவது முழு எண், மூன்றாவது தசமம், நாலாவது ஆம் அல்லது இல்லை. நாலும் நாலு வகை.

வந்தாறுமூலையில் கணினி படித்தாலும் சம்மாந்துறை வளாகத்தில் படித்தாலும், ஹாஸ்கெலைச் சொந்தமாகக் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் கொஞ்சத் தூரம் சுகமாகப் போய் இந்த இடத்தில் தடுக்குப்படுவார்கள். விடை தேடினால் "எச்-லிஸ்ட்", "டேட்டா கைண்ட்ஸ்", "டைப் ஃபேமிலி" என்று பெயர்கள் வந்து விழும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் யோசனை அவ்வளவு பயங்கரமானது இல்லை. துண்டில் எந்தெந்த வகைகள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்பதை அந்தத் துண்டின் வகையே நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

சாதாரண லிஸ்ட் ஏன் மறுக்கிறது

ஹாஸ்கெலின் முதல் வரையறை 1990இல் வந்தது. சார்புகளை வைத்துச் செய்நிரல் எழுதும் மொழி அது. உயர்தரக் கணிதத்தில் படித்த அதே சார்புதான். ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒரு வகை உண்டு. செய்நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கம்பைலர் எல்லா வகைகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடும்.

லிஸ்ட் என்றால் அதில் உள்ளதெல்லாம் ஒரே வகை. முழு எண்களின் லிஸ்டிலிருந்து எதை உருவினாலும் முழு எண்தான் வரும் என்று தெரிவதால்தான், "எல்லாவற்றையும் கூட்டு" என்று ஒரே சார்பை எழுத முடிகிறது. எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால் அடுத்து வருவது என்ன என்று கம்பைலருக்குத் தெரியாது.

பைத்தன் மொழி இந்தக் கலவையை ஏற்கும். ஆனால் அடுத்த மாதம் ஒருவர் முதல் இரண்டு நிரல்களையும், அதாவது துண்டின் முதல் இரண்டு இடங்களில் உள்ளவற்றை, தவறுதலாகக் கூட்டப் போனால், "மட்டு"வையும் 42ஐயும் கூட்ட முடியாமல் செய்நிரல் பாதி வழியில் நிற்கும். ஹாஸ்கெலில் அந்தத் தவறு ஓடும் நிலைக்கே வராது. அதற்கு விலையாகத்தான் இவ்வளவு பாடு.

முதலில் கைக்கு வரும் மூன்று வழிகள்

1. ரெக்கோர்ட். ஒவ்வொரு நிரலுக்கும் பெயர் வைத்து ஒரு வகையை அறிவிப்பது. பத்தில் ஒன்பது வேலைக்கு இதுவே போதும், இதைவிட நல்ல வழியும் இல்லை. ஆனால் "எந்தத் துண்டாக இருந்தாலும் முன்னால் ஒரு திகதி நிரலைச் சேர்" என்ற சார்பை இதில் எழுதப் பார்த்தால் முடியாது. திகதி உள்ள துண்டு வேறொரு ரெக்கோர்ட். அதைத் தனியாக அறிவிக்க வேண்டும்.

2. டியூப்பிள். அடைப்புக்குள் காற்புள்ளி போட்டு அடுக்குவது. கலப்பு வகைகளை இது ஏற்கும். ஆனால் இரண்டு உறுப்பு டியூப்பிளுக்கும் மூன்று உறுப்பு டியூப்பிளுக்கும் ஓர் உறவும் இல்லை. முதல் உறுப்பை எடுக்கும் சார்பு இரண்டு உறுப்புக்கு மட்டும் வேலை செய்யும். டியூப்பிளைத் திரையில் காட்டும் வசதி கூட 15 உறுப்புகளோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு நீளத்துக்கும் யாரோ தனித்தனியாக எழுதி வைக்க வேண்டியிருந்தது.

3. எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் போடுவது. "எழுத்தோ எண்ணோ ஏதோ ஒன்று" என்று ஒரு வகையை உண்டாக்கி, அந்த உறைகளை லிஸ்டில் அடுக்குவது. கம்பைலர் இப்போது வாயை மூடிவிடும். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்ற அறிவையும் கூடவே பறிகொடுத்துவிட்டோம். தைத்து அடுக்கிய மூட்டைகளில் எது கீரிச்சம்பா, எது நாடு என்று அறிய ஒவ்வொன்றாக ஊசி குத்திப் பார்ப்பது மாதிரி, எடுக்கும் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்துத்தான் பாவிக்க வேண்டும்.

மூன்றாவது வழியில் கலவை கிடைக்கிறது, அறிவு போகிறது. இரண்டாவதில் அறிவு இருக்கிறது, நீட்டக் குறைக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்து வேண்டும்.

வகைக்குள்ளேயே ஒரு லிஸ்ட்

இந்தத் தேவைக்கு முழுமையான பதிலாக 2004இல் ஓலெக் கிசெல்யோவ், ரால்ஃப் லெம்மல், கீன் ஷுப்கே மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பலவகைப் பட்டியலுக்கு எச்-லிஸ்ட் என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான். இன்றைய ஹாஸ்கெலில் அதே யோசனையை இன்னும் சுத்தமாக எழுதலாம்.

கீழே வரும் வரிகள் வடிவத்தைக் காட்ட மட்டும். அப்படியே தட்டச்சு செய்தால் ஓடாது. ஹாஸ்கெலில் வகைகளின் பெயரும், பெறுமானங்களைக் கட்டும் ஆக்கிகளின் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? இரட்டை முக்காற்புள்ளிக்கு "இதன் வகை" என்று பொருள். ஒற்றை முக்காற்புள்ளி "தலையில் ஒன்றை வை" என்பது. அம்புக்குறி "இடப்பக்கத்தை வாங்கி வலப்பக்கத்தைத் தருவது" என்பது.

வெறுமை :: துண்டு [ ]
சேர் :: அ → துண்டு மீதி → துண்டு (அ : மீதி)

இரண்டே இரண்டு ஆக்கிகள். முதலாவது, ஒன்றும் எழுதாத வெற்றுத் துண்டு. இரண்டாவது, ஏதோ ஒரு வகை அ-வில் ஒரு பெறுமானத்தையும் ஏற்கெனவே இருக்கும் துண்டையும் வாங்கி, அ-வைத் தலையில் வைத்த புதிய துண்டைத் தருகிறது. நம்முடைய துண்டை வலது முனையிலிருந்து கட்டிப் பார்ப்போம்.

வெறுமை :: துண்டு [ ]
சேர் இல்லை … :: துண்டு [ஆமில்லை]
சேர் 13.5 … :: துண்டு [தசமம், ஆமில்லை]
சேர் 42 … :: துண்டு [முழுஎண், தசமம், ஆமில்லை]
சேர் "மட்டு" … :: துண்டு [எழுத்து, முழுஎண், தசமம், ஆமில்லை]

இடது பக்கம் பெறுமானம் ஒவ்வொன்றாகக் கூட, வலது பக்கம் வகையும் கூடவே வளர்கிறது. மறைந்துபோவது ஒன்றும் இல்லை. கடைசி வரியின் வகையை மட்டும் பார்த்தே மூன்றாவது உறுப்பு தசமம் என்று சொல்லலாம். பெறுமானத்தைத் திறக்கவே தேவையில்லை.

இதற்கு இரண்டு வசதிகள் வேண்டும்.

1. ஒவ்வொரு ஆக்கியும் தான் தரும் வகையைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை. இதை ஜி.ஏ.டி.டி. என்பார்கள், ஹாஸ்கெலுக்குப் பெரும்பாலும் பாவிக்கும் ஜி.எச்.சி. கம்பைலரின் 6.4ஆம் பதிப்பில், 2005இல் வந்தது. இதன் பயன் துண்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். "இது சேர்" என்று கண்டவுடனே, வகைப் பட்டியல் வெறுமையாக இருக்க முடியாது என்று கம்பைலருக்கும் புரிந்துவிடுகிறது.

2. பெறுமானங்களுக்கான லிஸ்டை வகைகளின் உலகத்துக்கு உயர்த்தும் வசதி. இதுதான் டேட்டா கைண்ட்ஸ், 7.4ஆம் பதிப்பில், 2012இல் வந்தது.

வகைக்கும் ஒரு வகை

42 ஒரு பெறுமானம், அதன் வகை முழுஎண். அப்படியென்றால் முழுஎண் என்பதன் வகை என்ன? அதை "கைண்ட்" என்பார்கள், வகையின் வகை. முழுஎண், எழுத்து, ஆமில்லை எல்லாவற்றின் கைண்டும் "டைப்". லிஸ்ட் என்பது தனியே நின்றால் முழுமையான வகை இல்லை. எதன் லிஸ்ட் என்று சொன்னால்தான் முழுமையாகும். ஆகவே அதன் கைண்ட் "டைப் → டைப்", ஒரு வகையை வாங்கி இன்னொரு வகையைத் தருவது.

[எழுத்து, முழுஎண்] என்ற வகைப் பட்டியலின் கைண்ட் "டைப்களின் லிஸ்ட்". இந்தக் கைண்டில் உள்ள எதற்கும் பெறுமானம் கிடையாது. அது துண்டின் தலைப்பு வரி மாதிரி. தலைப்பு வரியை நிறுக்க முடியாது, நெல்லைத்தான் நிறுக்க முடியும்.

2012க்கு முன்னால், கைண்டைப் பார்த்துத் தடுக்கும் இந்தக் காவல் இல்லை. வகைப் பட்டியலின் வால் பகுதியில் ஒரு பட்டியல் வர வேண்டிய இடத்தில் சும்மா "முழுஎண்" என்று எழுதினாலும் அந்த வகையை மொழி ஏற்றுக்கொள்ளும்; அதைத் தடுக்கத் தனியாக விதிகள் எழுத வேண்டியிருந்தது. வகைகளில் இவ்வளவு கண்டிப்பான மொழியில், வகைகளை வைத்து எழுதிய செய்நிரல் மட்டும் வகை பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பது வேடிக்கைதான்.

வகைகளின் மேல் ஒரு சார்பு

சரி, துண்டைக் கட்டியாயிற்று. இனி இரண்டு துண்டுகளை ஒட்ட வேண்டும். நிறுவைத் துண்டு ஒன்று, கொடுப்பனவுத் துண்டு ஒன்று. ஒட்டினால் வரும் துண்டின் வகை என்ன? முதலாவதன் வகைப் பட்டியலும் இரண்டாவதன் வகைப் பட்டியலும் சேர்ந்தது. அப்படியென்றால் அந்தச் சேர்க்கையைக் கணக்குப் போட வகைகளின் மேலேயே ஒரு சார்பு வேண்டும். டைப் ஃபேமிலி என்பது இதுதான்.

ஒட்டு [ ] ஆ = ஆ
ஒட்டு (அ : மீதி) ஆ = அ : (ஒட்டு மீதி ஆ)

முதல் பட்டியல் வெறுமை என்றால் விடை இரண்டாவது பட்டியல். வெறுமை இல்லையென்றால் தலையை எடுத்து வைத்துவிட்டு மீதியை ஒட்டு. சாதாரண லிஸ்டுகளை ஒட்டும் சார்பும் எழுத்துக்கு எழுத்து இப்படித்தான் இருக்கும். வேறுபாடு, இது ஓடுவது கம்பைலருக்குள்ளே, கம்பைல் நடக்கும்போது. வகைமட்ட நிரலாக்கம் என்பது இவ்வளவுதான்.

துண்டுகளை உண்மையில் ஒட்டும் சார்பின் வகை இப்படி வரும்:

ஒட்டுச்செய் :: துண்டு இ → துண்டு ஈ → துண்டு (ஒட்டு இ ஈ)

இதன் உள்ளே எழுதும்போது ஓர் உறுப்பைத் தவறவிட்டாலோ, வகைகள் வேறான இரண்டு உறுப்புகளின் இடத்தை மாற்றினாலோ கம்பைலர் விடாது. "ஒட்டு இ ஈ என்று சொன்னாய், நீ தந்தது அது இல்லை" என்று நிற்கும்.

இங்கே எல்லாரும் ஒருமுறையாவது மாட்டும் ஓர் இடம் உண்டு. எந்தத் துண்டையும் வெறுமையோடு ஒட்டினால் அதே துண்டுதான் வர வேண்டும். வெறுமை இடது பக்கம் இருந்தால் பிரச்சினை இல்லை, முதல் சமன்பாடே அதைச் சொல்கிறது. வலது பக்கம் இருந்தால், அதாவது ஒட்டு இ [ ] என்று வந்தால், அது இ-க்குச் சமன் என்பதைக் கம்பைலர் ஏற்காது. பார்க்கிற நமக்கு இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் விடயம். கம்பைலரின் கையில் இருப்பவை இரண்டு சமன்பாடுகள் மட்டும். இரண்டுமே முதல் பட்டியல் வெறுமையா, இல்லையா என்றுதான் கேட்கின்றன. இ என்று பெயர் மட்டும் தெரிந்தால் எதற்கும் பதில் இல்லை, கணக்கு அங்கேயே இறுகிவிடும்.

அதைத் தாண்ட நாமே நிறுவிக் காட்ட வேண்டும். முறை உயர்தர இணைந்த கணிதத்தில் வரும் தொகுத்தறிவு முறையேதான். இ வெறுமை என்றால் முதல் சமன்பாட்டின்படி உண்மை. மீதிக்கு உண்மை என்று கொண்டால், தலையை முன்னால் வைத்தாலும் உண்மை. இந்த நிறுவலை ஒரு சார்பாக எழுதினால், "இரண்டும் ஒன்றே" என்பதற்கு ஒரு சாட்சியை அது தரும். கம்பைலர் அந்தச் சாட்சியை நம்பும். ஆனால் அந்த நிறுவல் சார்பு செய்நிரல் ஓடும்போது துண்டின் முனை வரை நடந்து, ஒன்றும் செய்யாமல் திரும்பி வரும். அந்த நடைக்கூலியைக் கொடுக்க விரும்பாதவர்கள் "என்னை நம்பு, சோதிக்காதே" என்று வகைமாற்றத்தைத் திணிக்கும் குறுக்கு வழியில் போவார்கள். பாதுகாப்புக்காக இவ்வளவு செய்துவிட்டு அந்தக் கதவைத் திறந்து வைப்பது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ஆனாலும் பெயர் பெற்ற நூலகங்களிலும், அதாவது மற்றவர்கள் பாவிக்க எழுதி வைத்த செய்நிரல் தொகுப்புகளிலும், அதைக் காணலாம்.

ஒட்டுவதோடு ஒப்பிட்டால் தலையை எடுப்பது சுலபம்.

முதல் :: துண்டு (அ : மீதி) → அ

வெற்றுத் துண்டை இதற்குக் கொடுக்கவே முடியாது, வகை பொருந்தாது. சாதாரண லிஸ்டின் தலையை எடுக்கும் சார்போ வெறுமையான லிஸ்டைக் கண்டால் செய்நிரலையே விழுத்திவிடும். அதைப் பாவித்தால் கம்பைலர் எச்சரிக்கை தரும் ஏற்பாடு 2023இல், 9.8ஆம் பதிப்பில்தான் வந்தது.

துண்டைத் திரையில் காட்டுவது

துண்டை அச்சிட வேண்டுமென்றால் அதில் உள்ள ஒவ்வொரு வகையும் அச்சிடத் தக்கதாக இருக்க வேண்டும். "எல்லா உறுப்புக்கும் இந்தத் தகுதி உண்டு" என்ற நிபந்தனையையும் ஒரு டைப் ஃபேமிலியாக எழுதலாம்: வெறுமை என்றால் நிபந்தனை இல்லை, தலை இருந்தால் தலைக்கு ஒரு நிபந்தனை, மீதிக்கும் அதே கதை. நிபந்தனைகளை இப்படிக் கணக்கிட்டு எடுக்கும் வசதியும் 7.4ஆம் பதிப்பிலேயே வந்தது. டியூப்பிளைப் போல 15இல் நிற்கும் வேலை இங்கே இல்லை.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இங்கே ஒருமுறை திடுக்கிடுவார்கள். ஹாஸ்கெலின் வழக்கமான காட்டும் சார்பு "மட்டு" என்பதை இப்படித்தான் காட்டும்:

"\2990\2975\3021\2975\3009"

தரவு பழுதாகவில்லை. ம, ட, புள்ளி, ட, உகரக் குறி ஆகிய ஐந்தின் யூனிகோட் எண்கள்தான் அவை. எழுத்தாகவே வேண்டுமென்றால் காட்டும் சார்பைத் தவிர்த்து, எழுத்தை நேரே வெளியிடும் சார்பைப் பாவிக்க வேண்டும். பலவகைப் பட்டியலில் எழுத்து வகைக்கு மட்டும் தனி விதி எழுதிவிட்டால் தீர்ந்தது.

எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது

வகை பிடிப்பது வகை வேறுபாட்டை மட்டுமே. புசலும் கிலோவும் இரண்டும் தசமமாக இருந்தால், ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதியதைக் கம்பைலர் காணாது. நெல் ஒரு புசல் ஏறத்தாழ 20.9 கிலோ, இருபது மடங்குப் பிழை சத்தமில்லாமல் கடந்துபோகும். புசலுக்கு ஒரு வகை, கிலோவுக்கு ஒரு வகை என்று தனித்தனியாக உறை போட்டால்தான் பிடிபடும். அந்த உறை செய்நிரல் ஓடும்போது மேலதிகச் சுமை வைக்காது. எச்-லிஸ்ட் கட்ட இரண்டு நாள் செலவழிக்கும் முன் இந்த உறையைப் போட ஐந்து நிமிடம் செலவழிக்கலாம். பல வேளைகளில் அதுவே போதும்.

செலவுகள்

1. உறுப்பை எடுக்கும் நேரம். இது சங்கிலிக் கோர்வை. 40ஆவது நிரலை எடுக்க 39ஐத் தாண்டி நடக்க வேண்டும்.

2. கம்பைல் நேரம். துண்டின் ஒவ்வொரு படியிலும் மீதிப் பட்டியலின் முழு வகையையும் கம்பைலர் சுமக்கிறது. நாலு நிரலுக்குத் தெரியாது. நூறு நிரல் என்றால் சேர்த்துப் பார்க்கையில் ஆயிரக்கணக்கான வகைகள். தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

3. ஓடும்போதுதான் வடிவம் தெரியும் தரவு. ஆலையிலிருந்து எக்செல் கோப்பு ஒன்று வருகிறது. அதில் எத்தனை நிரல், என்ன ஒழுங்கு என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? வாசலிலேயே சோதிக்க வேண்டும். "நான் எதிர்பார்ப்பது இந்த நாலு வகை" என்று வகைப் பட்டியலை முன்வைத்து, ஒவ்வொரு வரியையும் வாசிக்கும் சார்பு ஒன்று வேண்டும். பொருந்தாத வரியை அது காரணத்தோடு திருப்பி அனுப்பும். நெல் சந்தைப்படுத்தும் சபை நெல் எடுப்பதற்கு வைத்திருக்கும் ஈரப்பத எல்லை 14 சதவீதம், 13.5க்குப் பதில் 31.5 என்று விரல் தவறினால் அதையும் இதே வாசலில்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் தசமம்தான். வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே யாரும் திறந்து பார்க்கத் தேவையில்லை.

ஆகவே இது யாருக்குப் பொருந்தும் என்றால், பெரும்பாலும் நூலகம் எழுதுகிறவர்களுக்கு. செர்வண்ட் என்ற ஹாஸ்கெல் நூலகத்தில் ஓர் இணையச் சேவையின் முகவரிகள், வாங்குபவை, தருபவை எல்லாவற்றையும் ஒரே வகையாக எழுதிவிடலாம். ஒவ்வொரு முகவரிக்கும் எழுத வேண்டிய சார்பின் வகையைக் கம்பைலரே கணக்கிட்டுக்கொள்ளும். பாவிக்கிறவர் எச்-லிஸ்ட் என்ற பெயரைக் கூடக் கேட்க மாட்டார். ஸ்காலா மொழியில் ஷேப்லெஸ் நூலகம் இதே வழியில் போனது. இட்ரிஸ் மொழியில் வகைக்கும் பெறுமானத்துக்கும் ஒரே மொழிதான். லிஸ்டுக்கு எழுதிய ஒட்டும் சார்பையே வகைக்குள்ளும் பாவிக்கலாம், இரண்டு முறை எழுதும் தொல்லை இல்லை.

பிழைச் செய்தி

நாலாவது செலவு ஒன்று இருந்தது. இதற்குப் பாதி மருந்து கிடைத்திருப்பதால் தனியே சொல்கிறேன். ஒரு நிரல் மாறிப் போனால் கம்பைலர் கக்கும் செய்தி திரையை நிறைக்கும். "இந்தப் பட்டியலின் மூன்றாவது உறுப்பில்" என்று சொல்லாமல், இறுகிப்போன ஒட்டுக் கணக்குகளை அப்படியே கொட்டும். பலர் இந்த முறையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

2016இல், 8.0ஆம் பதிப்பிலிருந்து, நூலகம் எழுதுகிறவர் பிழைச் செய்தியைத் தானே எழுதி வைக்கலாம். அந்தச் செய்தியும் வகைமட்டத்தில் வாழும் ஓர் எழுத்துச் சரம்தான், எனவே எந்த மொழியிலும் இருக்கலாம். ஈரப்பதத்தை எதிர்பார்க்கும் சார்பில், எழுத்து வகைக்கு மட்டும் இப்படி ஒரு விதி போட்டு வைத்தால் போதும்:

"ஈரப்பதம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்திருக்கிறது. நிரல்களின் ஒழுங்கைப் பாருங்கள்."

ஆங்கிலத்தில் கொட்டியிருக்கும் கணக்குகளுக்குப் பதிலாக இந்த இரண்டு வசனங்களையும் கம்பைலர் தமிழிலேயே காட்டும். விண்டோஸ் கணினி என்றால் கட்டளைத் திரையின் எழுத்துக் குறியீட்டை முதலில் 65001க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் திரையில் வருவது வரிசையாகக் கேள்விக்குறிகள்.